விடை சரிதான், கேள்வி யாருடையது? – வால்டன் குடும்ப அறக்கட்டளை பற்றிச் சில குறிப்புகள்

எங்க காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஏழெட்டு வருஷமாக ஒரு சின்ன நிதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு மாசம் ஆயிரமோ ரெண்டாயிரமோ போடுவோம். போன தீபாவளி சமயத்தில், இதை முறையாக ஒரு டிரஸ்டாகப் பதிவு பண்ணிவிடலாம் என்று பேச்சு வந்தது. பதிவு பண்ணினால் எதற்குக் கொடுப்போம், எதற்குக் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வைக்க வேண்டுமே? "டேய், நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே, பெரிய ஃபவுண்டேஷன் எல்லாம் இதை எப்படி முடிவு பண்றாங்கன்னு பார்த்து ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ரெண்டு பக்கத்துக்காக உட்கார்ந்தவன் மூணு மாசம் அதிலேயே கிடந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

கேட்ஸ், ஃபோர்டு, ராக்ஃபெல்லர் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது வால்டன் குடும்ப அறக்கட்டளையை. வால்மார்ட் கடைகளைத் தொடங்கிய சாம் வால்டனும் அவர் மனைவி ஹெலனும் 1987இல் ஆரம்பித்தது. இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இவர்களுடைய பட்டியல் ரொம்பச் சின்னது, மூன்றே தலைப்புகள். குடும்பமே நேரடியாக உட்கார்ந்து நடத்துகிறது. ஆண்டுக்கு அரை பில்லியன் டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். முன்னுரிமை என்றால் என்ன என்று படிக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். வால்மார்ட் ஃபவுண்டேஷன் என்று இன்னொன்று இருக்கிறது. அது கம்பெனியுடையது. ஃபிளிப்கார்ட்டை வாங்கிய அதே 2018இல், இந்திய விவசாயிகளுக்கென்று 25 மில்லியன் டாலர் அறிவித்தது அதுதான். நான் இங்கே பேசுவது குடும்பத்தின் அறக்கட்டளையைப் பற்றி. இரண்டும் சட்டப்படி வேறு வேறு. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்.

ஆவணம்

அமெரிக்காவில் ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் வருஷா வருஷம் 990-பிஎஃப் என்று ஒரு படிவம் வருமான வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எதற்காக என்று வரிவரியாக அதில் இருக்கும். அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மின்வழியில் தாக்கல் செய்தவை எக்ஸ்எம்எல் வடிவிலேயே கிடைக்கின்றன. பைத்தான் தெரிந்த ஆளுக்கு இது பெரிய வேலை இல்லை. நம்மூர் டிரஸ்டுகளின் கணக்கைப் பார்க்க அலைந்து சலித்தவர்களுக்கு இது பொறாமையாகக்கூட இருக்கும்.

1969இல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம்தான் இந்தக் கட்டுப்பாடுகளுக்கெல்லாம் அடித்தளம். அறக்கட்டளைப் பணத்தில் குடும்பத்துக்கே லாபம் பார்க்கக் கூடாது, தேர்தல் பிரச்சாரத்துக்குக் கொடுக்கக் கூடாது, சொத்தில் சுமார் 5 சதவீதம் அளவுக்காவது ஆண்டுதோறும் தர்ம காரியத்துக்குப் போக வேண்டும். எதற்குக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சட்டம் சொல்வதில்லை. அதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்று தலைப்புகள்

முதல் தலைப்பு பள்ளிக்கூடம். சாமின் மகன் ஜான் வால்டனுக்கு (2005இல் சிறு விமான விபத்தில் இறந்தவர்) இதில் தனி ஈடுபாடு. 1998இல் அவரும் டெட் ஃபார்ஸ்ட்மன் என்ற முதலீட்டாளரும் ஆளுக்கு 50 மில்லியன் டாலர் போட்டு, ஏழைக் குழந்தைகள் தனியார் பள்ளியில் சேர உதவித்தொகை ஒன்றைத் தொடங்கினார்கள். 40,000 இடங்களுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அரசுப் பள்ளி சரியில்லை என்று எத்தனை பெற்றோர் தவித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. இதைக் குடும்பத்தின் விருப்பம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

அறக்கட்டளை பெரிய அளவில் பணம் போட்டது சார்ட்டர் பள்ளிகளில். அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் மாவட்டக் கல்வி வாரியத்தின் கையில் இருக்காது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் கொண்டுவந்தது. 2014 வாக்கில், அமெரிக்காவில் திறந்த சார்ட்டர் பள்ளிகளில் நான்கில் ஒன்றுக்கு வால்டன் அறக்கட்டளையின் தொடக்கப் பணம் போயிருந்தது. 2016 ஜனவரியில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் கல்விக்கு 1 பில்லியன் டாலர் என்று அறிவித்தார்கள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது தலைப்பு தண்ணீர், அதாவது கொலராடோ, மிசிசிப்பி ஆறுகளும் கடல் மீன்வளமும். கொலராடோ ஆற்றை நம்பி ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் இருக்கின்றன, சுமார் 4 கோடிப் பேர். 1922இல் ஆற்று நீரைப் பங்கு போட்டபோது, ஆற்றில் வருவதைவிட அதிகத் தண்ணீரைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். விளைவு, பல பத்தாண்டுகளாக ஆறு பெரும்பாலும் கடலைத் தொடுவதில்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் 2012இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2014 மார்ச் முதல் மே வரை மொரேலோஸ் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். மே மாத நடுவில் ஆறு கொஞ்ச நேரமாவது கடலைத் தொட்டது. அந்தக் கழிமுகத்தை மீட்க உழைத்த சூழலியல் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தவர்களில் வால்டன் அறக்கட்டளை முக்கியமானது. காவிரிக் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது தலைப்பு சொந்த ஊர். அர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலை. 1962இல் முதல் வால்மார்ட் கடை திறந்த ராஜர்ஸும், தலைமையகம் இருக்கும் பென்டன்வில்லும் அங்கேதான். 36 மைல் சைக்கிள் பாதைக்கு மத்திய அரசு 15 மில்லியன் டாலர் கொடுக்க, அறக்கட்டளை அதே அளவு போட்டது. 2011இல் திறந்த கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம். 2020 கடைசியில் எங்க தொழில்காரர்களுக்கே ஒரு தூண்டில் போட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆட்கள் அங்கே குடிவந்தால் 10,000 டாலரும் ஒரு மலைச் சைக்கிளும் தருவதாக அறிவிப்பு. அதற்கும் இந்த அறக்கட்டளையின் பணம்தான். எங்க ஆபீசில் ரெண்டு பேர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றிலும் ஓடும் ஒரே நூல்

பள்ளி, மீன், ஆறு என்று தனித்தனியாகப் பார்த்தால் சம்பந்தமில்லாத பட்டியல் மாதிரிதான் தெரியும். தீர்வை எங்கே தேடுகிறார்கள் என்று பார்த்தால் ஒற்றுமை தெரிய ஆரம்பிக்கும்.

பள்ளியில் தீர்வு, பெற்றோருக்குத் தேர்வு கொடுப்பது. நல்ல பள்ளிக்குக் கூட்டம் வரும், மோசமான பள்ளி மூடும். கடலில், மீன்பிடி உரிமையைப் பங்குகளாகப் பிரித்து, வாங்கவும் விற்கவும் முடிகிற ஒதுக்கீடாக மாற்றும் முறையை ஆதரித்தார்கள். ஆற்றில், விவசாயிக்குப் பணம் கொடுத்து அவர் சம்மதத்தோடு தண்ணீரை ஆற்றிலேயே விடச் செய்வது. மூன்றிலும் அரசாங்க உத்தரவைவிடச் சந்தையின் தூண்டுதலில் நம்பிக்கை அதிகம். கடை நடத்தி ஜெயித்த குடும்பம் உலகத்தைக் கடைக்காரர் கண்ணால் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. நான் எதைப் பார்த்தாலும் பக் எங்கே என்று தேடுகிற மாதிரிதான் இதுவும்.

இதில் பலனும் உண்டு, காயமும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் சிவப்பு சங்கரா வகை மீனுக்கு 2007இல் இந்த ஒதுக்கீட்டு முறை வந்தது. அதன் பிறகு அந்த மீன் வளம் தேறிவந்தது. அதே சமயம், ஒதுக்கீடு சிலர் கையில் சேர்ந்துவிட்டது, சின்னப் படகுக்காரர் வாடகை கொடுத்து மீன் பிடிக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரும் அங்கேயும் நியூ இங்கிலாந்துக் கரையிலும் பலமாக எழுந்தது. மீன் பிழைத்தால் போதுமா, மீனவரும் பிழைக்க வேண்டுமா என்பதைத் தராசில் வைத்தது யார்? அந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அதில் எவ்வளவு குரல் இருந்தது? எனக்கு இடறியது இங்கேதான்.

சரிபார்ப்பவருக்கும் சம்பளம்

ஒரு நாள் கொலராடோ ஆற்றைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி. கடைசியில் ஒரு வரி: தண்ணீர், சுற்றுச்சூழல் கொள்கை பற்றிய செய்திகளுக்கு வால்டன் குடும்ப அறக்கட்டளையின் ஆதரவு உண்டு என்று. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2019இல் தொடங்கிய நீர்ச் செய்திப் பிரிவுக்கும் முதல் பணம் இவர்களிடமிருந்து, 7 லட்சம் டாலர். கல்விச் செய்தி பக்கம் போனால் சாக்பீட், எஜுகேஷன் வீக், தி 74 என்று அங்கேயும் இதே பெயர். சார்ட்டர் பள்ளிகளின் பலனை அளக்கும் ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையத்துக்கும் இவர்களின் நிதி போயிருக்கிறது.

அதாவது வேலையைச் செய்பவர், அளப்பவர், செய்தி எழுதுபவர் மூவருக்கும் ஒரே பை. எங்க தொழிலில் கோடு எழுதியவரே டெஸ்ட்டும் எழுதி, ரிவ்யூவும் பண்ணி, ரிலீஸும் பண்ணினால் மேனேஜர் விடமாட்டார். ஆள் திருடன் என்பதால் இல்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்.

அப்படியென்றால் அளவுகோலே பொய்யா? அப்படி நினைத்துத்தான் நானும் தோண்டினேன். கிடைத்தது வேறு. கிரெடோவின் 2009 ஆய்வில் சார்ட்டர் பள்ளிகளில் 17 சதவீதம்தான் கணக்குப் பாடத்தில் பக்கத்து அரசுப் பள்ளியைவிட மேல், 37 சதவீதம் மோசம் என்று வந்தது. ஆதரவாளர்களுக்கு அது பெரிய அடி. 2023 ஆய்வில் நிலைமை மாறியிருந்தது. சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதல் படிப்புக்குச் சமமான முன்னேற்றம். ஏழைக் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களிடம் இன்னும் அதிகம். இதைவிட முக்கியமானது 2015இல் நடந்தது. முழுக்க இணையவழியில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி அறக்கட்டளையே பணம் கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னது. அந்த மாணவர்கள் கணக்கில் ஒரு வருஷமாக எதுவுமே படிக்காத அளவுக்குப் பின்தங்கியிருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. அதை மூடி மறைக்கவில்லை. 2016 ஜனவரியில் அறக்கட்டளையின் அதிகாரிகளே எஜுகேஷன் வீக்கில் கட்டுரை எழுதி, நாங்களும் இதில் பணம் போட்டோம், இது வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். இந்த நேர்மை எத்தனை அரசுத் துறைகளுக்கு இருக்கும்?

ஆக, அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையைச் சரியாகத்தான் தேடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் காலேஜில் படித்த ஒரு பழைய பாடம் ஞாபகம் வந்தது. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் தாளில் ரெண்டு மார்க் கேள்வியாக வரும். வெரிஃபிகேஷன் என்றால், செய்வதைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்ப்பது. வேலிடேஷன் என்றால், சரியானதைத்தான் செய்கிறோமா என்று பார்ப்பது. முதலாவதை வால்டன் அறக்கட்டளை நன்றாகவே செய்கிறது. இரண்டாவதைச் செய்ய அதன் அமைப்பிலேயே ஆள் இல்லை.

பட்டியலில் இல்லாத சொல்

ஏழைக் குழந்தை ஏன் பள்ளியில் பின்தங்குகிறது? பள்ளி மோசம் என்பது ஒரு காரணம். வீட்டில் வருமானம் போதவில்லை, அம்மா ரெண்டு ஷிஃப்ட் போகிறார், வாடகை கட்ட முடியாமல் வருஷத்துக்கு ரெண்டு தடவை வீடு மாறுகிறார்கள் என்பதும் காரணம். வால்டன் பட்டியல் முதல் காரணத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாவது அதில் இல்லை. மூன்று தலைப்புகளில் 'சம்பளம்' என்ற சொல்லே கிடையாது.

இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், அமெரிக்காவில் தனியார் துறையில் மிக அதிகப் பேருக்கு வேலை கொடுக்கும் கம்பெனி வால்மார்ட். சுமார் 16 லட்சம் பேர். கம்பெனிப் பங்கில் ஏறக்குறைய பாதி இந்தக் குடும்பத்திடம். 2020இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு சில மாநிலங்களின் தரவை எடுத்துப் பார்த்தது. வேலைக்குப் போய்க்கொண்டே அரசின் உணவு உதவியும் மருத்துவ உதவியும் வாங்குபவர்கள் யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று. பார்த்த மாநிலங்களில் வால்மார்ட் முன்வரிசையில் இருந்தது. கம்பெனி ரொம்பப் பெரிது என்பதும் அதற்கு ஒரு காரணம், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் அந்த வீட்டுக் குழந்தைகளும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறார்கள்?

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 2015 பிப்ரவரியில் வால்மார்ட் ஒரு அறிவிப்புச் செய்தது. குறைந்தபட்ச மணிச் சம்பளம் 9 டாலர், அடுத்த ஆண்டு 10 டாலர். சுமார் 5 லட்சம் பேருக்கு உயர்வு. பயிற்சியும் சேர்த்து அந்த ஒரு ஆண்டுச் செலவு மட்டும் 1 பில்லியன் டாலர் என்று கம்பெனியே சொன்னது. பதினோரு மாசம் கழித்து அறக்கட்டளை கல்விக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 1 பில்லியன் என்று அறிவித்தது.

இரண்டும் ஒரே தொகை. ஒன்று ஒரு வருஷத்தில் சம்பளக் கவரில் போனது, இன்னொன்று ஐந்து வருஷத்தில் தர்மமாகப் போனது. முதலாவதற்கு 'அறம்' என்று பெயர் இல்லை. 2012 நவம்பரில் கடை வாசலில் நின்று போராடிய தொழிலாளர்களும், ஆள் கிடைக்காத நெருக்கடியும் சேர்ந்து நடத்திக்கொடுத்தது அது. இரண்டாவதற்குப் பெயர், இணையதளம், ஆண்டறிக்கை எல்லாம் உண்டு. ஒரு ஏழைக் குடும்பத்தின் கையில் எது அதிகம் தங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏன் இந்தக் கேள்வி அறக்கட்டளைக்குள் எழுவதில்லை? கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். இயக்குநர் குழுவில் குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள். குழுவுக்குத் தலைமை வகித்திருக்கும் கேரி வால்டன் பென்னர், சாமின் பேத்தி. அவர் கணவர் கிரெக் பென்னர் 2015 முதல் வால்மார்ட் கம்பெனியின் தலைவர். ஒரே சாப்பாட்டு மேஜையில் ரெண்டு கூட்டத்தின் விஷயங்களும் இருக்கும். ஒரு மேஜையில் ஏழ்மைக்குக் காரணம் பள்ளி என்று முடிவானால், இன்னொரு மேஜையில் சங்கடம் இல்லை. யாரும் திட்டமிட வேண்டிய அவசியமே இல்லை, அது தானாக நடக்கும்.

பணம் யாருடையது?

"அவங்க பணம், அவங்க இஷ்டம்" என்று குரூப்பில் ஒருவன் எழுதினான். நியாயமான கேள்விதான். இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று, அது முழுக்க அவர்கள் பணம் இல்லை. 2013இல் ப்ளூம்பெர்க் செய்தியாளர் ஒருவர் வரி ஆவணங்களை அலசிக் காட்டியது இது: அறக்கட்டளைக்கு வந்த பணத்தின் பெரும்பகுதி ஒருவகை டிரஸ்டுகள் வழியாக வந்தது. அதில் சொத்தைப் போட்டால், குறிப்பிட்ட காலம்வரை ஆண்டுதோறும் தர்மத்துக்கு ஒரு தொகை போகும். அரசு கணக்குப் போட்டு வைத்திருக்கும் வட்டியைவிடச் சொத்து அதிகம் வளர்ந்தால், மிச்சம் வாரிசுகளுக்குப் பரிசு வரியும் வாரிசு வரியும் இல்லாமல் போய்ச் சேரும். முழுக்கச் சட்டப்படிதான். ஆனால் அரசுக்கு வராமல் போன வரி ஊராருடைய பங்கு. ஊர்ப் பங்கு உள்ளே இருந்தால் ஊர் கேள்வி கேட்கலாம்.

இரண்டு, கொடை அறக்கட்டளையோடு நிற்பதில்லை. வாஷிங்டன் மாநில மக்கள் சார்ட்டர் பள்ளி வேண்டாம் என்று 1996, 2000, 2004 என மூன்று தடவை வாக்களித்தார்கள். 2012இல் நாலாவது தடவை வந்தது. அறக்கட்டளை பிரச்சாரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றேனே, தனிநபருக்கு அந்தத் தடை இல்லை. சாமின் மகள் ஆலிஸ் வால்டன் தன் கையிலிருந்து 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். பில் கேட்ஸும் கொடுத்தார். ஆலிஸ் வசிப்பது அந்த மாநிலத்திலேயே இல்லை. இந்தத் தடவை 50.7 சதவீதத்தில் ஜெயித்தது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்துக்குக் கட்டுப்படாத பள்ளிக்குப் பொதுப் பள்ளிகளின் நிதியைக் கொடுக்க முடியாது என்று அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டே வேறு நிதி வழியைக் காட்டிப் புதுச் சட்டம் வந்தது. சார்ட்டர் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். மக்கள் மூன்று தடவை இல்லை என்று சொன்ன பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிற வசதி யாருக்கு இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

எதிர்த்தரப்பு

"அரசாங்கம் மட்டும் மக்களைக் கேட்டா செய்கிறது?" என்று கேட்கலாம். செய்வதில்லைதான். ஆனால் அரசாங்கத்தை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றலாம். அறக்கட்டளையின் முன்னுரிமையை மாற்ற அந்தக் குடும்பத்தில் பிறக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் பண்ண வேண்டும்.

"கொடுக்காமலே இருந்திருந்தால் உனக்குச் சந்தோஷமா?" இல்லை. கொலராடோ ஆறு கடலைத் தொட்ட அந்தத் தருணம் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆற்றுக்கு ஓட்டு கிடையாது, அதற்காகப் பேச யாராவது பணம் போட்டால்தான் உண்டு. சார்ட்டர் பள்ளியில் 16 நாள் கூடுதலாகப் படித்த பிள்ளைக்கு அந்த 16 நாள் நிஜம். அறக்கட்டளையும் மாறாமல் இல்லை. 2021இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில், சமூகங்களே முன்னின்று நடத்தும் மாற்றத்துக்கு இடம் கொடுப்போம் என்று சொன்னார்கள். பென்டன்வில் பக்கம் வீட்டு விலை ஏறி உழைப்பாளிகள் குடியிருக்க இடம் இல்லாமல் போவதைப் பற்றி 2019இலேயே அவர்கள் பணத்தில் அறிக்கை வந்திருக்கிறது.

ஆனால் அதே அறிக்கை ஒன்றைக் காட்டுகிறது. சைக்கிள் பாதை, அருங்காட்சியகம் என்று ஆட்களைக் கூப்பிட்டபோது வாடகை ஏறும் என்பது அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எங்க நிதிக்கு வருவோம்

இதையெல்லாம் எழுதும்போது எங்க கதை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2019இல் ஒரு நண்பனின் கிராமத்துப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் ஆட்கள், வேறு என்ன தோன்றும்? இன்ஜினியர் புத்திக்கு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று லாக் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட்டும் நானே எழுதினேன். மாசா மாசம் குரூப்பில் கிராஃப் போடுவேன். எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு வருஷம் கழித்து நேரில் போனபோது ஹெச்எம் அம்மா டீ கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போர்டு நல்லா இருக்கு சார், பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு. முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா, பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுக்குத் தண்ணி வர்ற மாதிரி ஒரு மோட்டார் போட்டுக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க மாசத்துல மூணு நாள் வர்றதே இல்லை."

என் லாக்கில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அந்த மூணு நாள் அதில் வராது, ஏனென்றால் அதை அளக்க நான் எழுதவே இல்லை.

அரை பில்லியன் டாலருக்கும் எங்க சில்லறைக்கும் ஒப்பீடே கிடையாது. தப்பு மட்டும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. அதனால் குரூப் கேட்ட ரெண்டு பக்கத்துக்குப் பதிலாக நான் மூன்றே வரி எழுதி அனுப்பினேன். எதற்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணும் கமிட்டியில் பாதிப் பேர் நாம் கொடுக்கும் பள்ளியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். கொடுத்தது பலித்ததா என்று பார்க்கிறவருக்கு நம்மிடமிருந்து ஒரு பைசா போகக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, விடை வந்தால் நமக்கே சங்கடமாக இருக்கும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வரிக்கு உடனே சம்மதம் வந்தது. மூன்றாவதற்கு நாலு சிரிப்பு ஸ்மைலி. முதல் வரிக்கு மட்டும், "பணம் போடறது நாம, முடிவு பண்றது அவங்களா? பார்க்கலாம் மச்சி" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த மாசம் நேரில் கூடுகிறோம். அந்த ஹெச்எம் அம்மாவையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.